கரையில் அவிழ்த்துப் போட்ட மரம்

1

எனக்குச் சோறு போடுவது, செத்த சாமான்களுக்கு இங்கிலீஷில் பெயர் வைக்கிற வேலை. பினாங்கில் ஒரு வெள்ளைக்கார துரையின் ஏலக் கடையில் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஊரை விட்டுப் போகிற துரைமாரும் உலகத்தை விட்டுப் போகிற துரைமாரும் போட்டுவிட்டுச் செல்கிற மேஜை, கடிகாரம், பியானோ, கிளிக்கூண்டு எல்லாம் எங்கள் கிடங்குக்கு வந்து சேரும். ஒவ்வொன்றுக்கும் நான் ஓர் அட்டை எழுதிக் கட்ட வேண்டும். சாமான் பழையது என்று அந்த அட்டையில் சொல்லவும் வேண்டும், சொல்லாமலும் இருக்க வேண்டும். அதைச் செய்யத்தான் எனக்குச் சம்பளம்.

நம் தமிழில் பழசு என்ற ஒரு சொல் போதும். பழைய சோறு, பழைய வேட்டி, பழைய சிநேகிதம், பழைய பகை. இங்கிலீஷ்காரனுக்கு அது போதாது. ஓல்டு என்று எழுதினால் எங்கள் துரை பேனாவைப் பிடுங்கிவிடுவார். பணக்காரன் வாங்குகிற பழசு ஆன்டீக். எவனும் சீந்தாத பழசு அப்ஸலீட். தூர்ந்த கிணறு டிஸ்யூஸ்ட். வேலை போனவன் எக்ஸ். உயிர் போனவன் லேட். இன்னும் ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பொருள் உயிரோடு நடமாடுகிறது, ஆனால் துரைக்கு அது செத்திருந்தால் தேவலை என்று இருக்கிறது. அதற்குக் குவெயின்ட் என்று பெயர். என் தலைப்பாகையைப் பார்த்து ஒரு துரைசாணி அம்மாள் பல்லைக் காட்டிக்கொண்டு அப்படித்தான் சொன்னாள். தலைப்பாகைக்குள் தலை ஒன்று இருந்தது அவளுக்குத் தெரியவில்லை போலும்.

இந்த வாரம் நான் இந்தக் கரையில் வந்து இறங்கிய நாள் வந்து போயிற்று. வருஷா வருஷம் அன்றைக்கு என் மனைவி பாயசம் வைப்பாள். இந்த வருஷம் ஒரு வாய்கூட இறங்கவில்லை. வயிற்றில் கோளாறு ஒன்றுமில்லை, அருவருப்புதான். அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கத்து வாசகர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். மற்றவர்கள் இஷ்டம்.

2

என் அண்ணன் துலுக்காணம் சென்ற மாதம் கப்பலில் வந்து இறங்கினார். ராயபுரத்தில் எங்கள் குப்பத்தைக் கடல் தின்றுவிட்டது. துறைமுகத்துக்குக் கருங்கல் சுவர் எழுப்பியதிலிருந்து தெற்கே மணல் ஏறுகிறது, வடக்கே எங்கள் பக்கம் தண்ணீர் ஏறுகிறது. அண்ணனுக்குக் கட்டுமரத்தை இழுத்துப் போடக்கூடக் கரையில் இடமில்லாமல் போயிற்று. மிச்சம் இருந்தது ஒரே வேலை, கப்பலுக்குக் கரிக்கூடை தூக்குவது. அதற்கு அவர் போகமாட்டார். எங்கள் நைனா அந்த வேலையில்தான் கறுப்புக் கறுப்பாகத் துப்பித் துப்பிச் செத்தார்.

கப்பலின் மேல்தட்டில், டெக்கில், வந்தவர்களை ஒரு தீவில் அடைத்து வைத்து, உடுப்பையெல்லாம் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்து, அப்புறம்தான் ஊருக்குள் விட்டார்கள். குடியேற்ற அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா நம்மவர்தான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அண்ணனை விசாரித்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"முன்னாடி பார்த்த தொழில்?"

"மீன் புடிக்கிறது, சாமி."

"அது முன்னாடி. இப்போ?"

"இப்பவும் அதான்."

"இப்போ நீ கப்பல்ல வந்திருக்கே. மீன் பிடிக்கலையே?"

"கப்பல்ல குந்திகினு வந்தா எப்டி சாமி புடிக்கிறது? எறக்கி வுட்டா புடிப்பேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை. எக்ஸ் ஃபிஷர்மேன் என்று எழுதிக்கொண்டு, அதை உரக்கப் படித்தும் காட்டினார். அண்ணனுக்குப் புரியவில்லை, தலையை ஆட்டினார். எனக்குப் புரிந்தது. மனுஷன் தரையில் கால் ஊன்றவில்லை, அதற்குள் அவன் தொழிலுக்குப் பாடை கட்டியாயிற்று.

வேலை இருந்தால்தான் இங்கே தங்கலாம் என்பது இப்போது சட்டம். நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். எங்கள் துரையிடம் கெஞ்சிக் கூத்தாடி, கிடங்குக்குக் காவல்காரனாக அண்ணனைச் சேர்த்துவிட்டேன். ஒரு மாதம் பார்ப்பேன், ஏதாவது தப்பு நடந்தால் அடுத்த கப்பல் என்றார் துரை. அடுத்த கப்பல் என்றால் கரிக்கூடை. அது எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

3

என் வீட்டுச் சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரே பெண், பார்வதி. கிறிஸ்தவக் கன்னிமார் நடத்துகிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். நான் என் தகப்பனை நைனா என்று கூப்பிட்டவன். இவள் என்னைப் பப்பா என்கிறாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று தோன்றிவிடும்.

அண்ணன் ஊரிலிருந்து ஓலைப்பெட்டி நிறையக் கருவாடு கொண்டுவந்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் பார்வதி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினாள்.

"இன்னா பாப்பா, மூக்கப் புடிச்சிகினு ஓடறே? உங்கொப்பன் இத்தத் துன்னுதான் வளந்தான். கேட்டுப் பாரு."

பார்வதி என்னைக் கேட்கவில்லை. "பெரியப்பா வெரி ஓல்டு ஃபாஷன்ட், பப்பா" என்று என் காதோடு சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையை ஓங்கிவிட்டேன். என் மனைவி நடுவில் வந்து, "கொழந்தை அட்டையா எழுதிக் கட்டிச்சு? வாயால சொல்லிச்சு. நீ நாள் முச்சூடும் எழுதிக் கட்டிகினு வர்றியே, உன்ன யாரு அடிக்கிறது?" என்றாள். ஓங்கின கையை இறக்கிக்கொண்டேன். கருவாட்டுக் குழம்பை இரண்டு முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

4

கப்பல் காப்டன் ஒருவர் இங்கே கிழவராகிச் செத்துப்போனார். வாலிபத்தில் சென்னைத் துறைமுகத்துக்குப் போக வர இருந்தவராம். அவருடைய பங்களாச் சாமான்கள் எங்கள் கடைக்கு மாட்டு வண்டிகளில் வந்தன. கடைசி வண்டியில் கயிற்றால் பிணைத்திருந்த ஒன்றைப் பார்த்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன்.

நம்மூர்க் கட்டுமரம். முன்பக்கம் லேசாக மேலே வளைந்து, நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழத்து, ராயபுரத்துக் கரையில் இழுத்துப் போட்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். காப்டன் அதை ஆசைப்பட்டு வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, தன் பங்களா வராந்தாவில் நிறுத்தி வைத்திருக்கிறார். மரத்துக்கு வார்னிஷ். கயிற்றுக்கட்டுக்கும் வார்னிஷ். பிணத்துக்குப் பவுடர் பூசின மாதிரி இருந்தது.

துரை அட்டைக்கு வாசகம் சொன்னார். பிரிமிட்டிவ். அப்ஸலீட். சோழமண்டலக் கரைச் சுதேசிகள் முற்காலத்தில் உபயோகித்தது.

"முற்காலத்தில் இல்லை, துரையவர்களே. இன்று காலையிலும் எங்கள் ஊரில் இதில்தான் கடலுக்குப் போயிருக்கிறார்கள். நம் காவல்காரன் போன மாதம் வரையில் இதில்தான் போனான்" என்றேன்.

துரை சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "இன்றைக்கும் ஓடுகிற தோணியை எவன் காசு கொடுத்துச் சுவரில் மாட்டுவான்? எழுது."

எழுதினேன். வேலையில் இருக்கிறவன் எழுதத்தானே வேண்டும். அந்த அட்டையைக் கட்டும்போது கயிற்று முடிச்சு என் கண்ணில் பட்டது. எங்கள் கரை முடிச்சு. அதன் மேலேயே அட்டையைத் தொங்கவிட்டேன். மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால் சோற்றிலும் வார்னிஷ் நாற்றம்.

கிடங்கு முழுக்கப் பியானோவாக இருந்ததால் மரத்தைப் பின்முற்றத்தில், வெட்டவெளியில், போட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. காவலுக்கு வந்த அண்ணன் மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இது யாருது?"

"செத்துப்போன காப்டனது."

"அவுரு கடலுக்குப் போனாரா இதுல?"

"இல்ல, அண்ணாத்தே. வூட்ல நிக்க வெச்சிருந்தாரு."

"கட்டினபடியேவா?"

"கட்டினபடியே."

அண்ணன் காறித் துப்பினார். "சீ, கலீஜ்" என்றார். அவர் முகம் அப்படிச் சுளித்து நான் பார்த்ததில்லை.

5

அண்ணன் ஏன் துப்பினார் என்று ராயபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மயிலாப்பூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கட்டுமரம் கடலிலிருந்து திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே உருட்டி மணலில் காயப் போட வேண்டும். கட்டினபடியே கிடந்தால் தண்ணீர் குடித்துக் கனக்கும், இடுக்கில் அழுகும். மறுநாள் விடியலில் மறுபடியும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போவார்கள். தினமும் கட்டுவது, தினமும் அவிழ்ப்பது, இதுதான் பிழைப்பு.

எங்கள் குப்பத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஓட்டிப் போனவன்தான் மரத்தை அவிழ்க்க வேண்டும். ஆள் இல்லாமல் மரம் மட்டும் கரை ஒதுங்கினால் அதன் கட்டில் யாரும் கை வைக்கமாட்டார்கள். ஆகவே, கட்டு அவிழாத மரம் கரையில் கிடந்தால் போனவன் திரும்பவில்லை என்று அர்த்தம். பெண்கள் அதைப் பார்த்ததும் வயிற்றில் அடித்துக்கொள்வார்கள். அவிழ்ந்து சிதறிக் கிடந்தால் ஆள் சுகமாக வந்து சேர்ந்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அந்த மரங்களைத் தாண்டிக்கொண்டு சிரித்துப் பேசிப் போவார்கள்.

ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். நான் அப்போது மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கம்பெனி, பெயர் எதற்கு, கரையோரமாகச் சரக்கு ரயில் பாதை போட இடம் பார்த்தது. தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரனும் ஒரு மேஸ்திரியும் வந்தார்கள். நைனாவின் மரங்கள் வெயிலில் அவிழ்ந்து கிடந்தன. நைனா வீட்டுக்குள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரன் பூட்ஸ் காலால் ஒரு மரத்தைத் தட்டினான். "டெரலிக்ட்" என்றான்.

நான் கை எட்டும் தூரத்தில் நின்றேன். அந்தச் சொல் எங்கள் வாத்தியார் பாடத்தில் வரவில்லை. மேஸ்திரிக்கும் தெரிந்திருக்காது, ஆனால் அவன் துரையின் காலைப் பார்த்தே அர்த்தம் செய்துகொண்டான். நைனா கஞ்சி குடித்து எழுவதற்குள் ஆட்களும் வண்டியும் வந்து மரங்களை ஏற்றிவிட்டார்கள். ஆண்கள் பாதிப்பேர் கடலில், அண்ணனும் வேறொருவர் மரத்தில் போயிருந்தார். நைனா எச்சில் கையோடு வண்டிக்குப் பின்னால் ஓடினார், நானும் ஓடினேன். கம்பெனி முற்றத்து வாசலில் மேஸ்திரி மறித்தான்.

"எம் மரம்யா அது! எறக்குய்யா!"

"கேப்பாரத்துக் கெடந்துது. தொரை எளுதிட்டாரு."

"அவுத்துக் காயப் போட்டுகீறேன்யா! நான் உயிரோட கீறேன்யா, பாரு!"

"எளுதினது எளுதினதுதான். போ, போ, பேஜாரு பண்ணாதே."

உள்ளே ரம்பம் ஓடுகிற சத்தம் கேட்டது. மண் சரியாமல் இருக்கப் பள்ளத்தில் முட்டுக் கொடுக்கப் பலகை வேண்டுமாம். நைனா அந்தச் சத்தம் நிற்கும்வரை வாசலிலேயே குந்தியிருந்தார். புதிய மரம் வாங்க வழியில்லை. கரிக்கூடை தூக்கப் போனார். அப்புறம் நடந்ததைத்தான் மேலே சொல்லியிருக்கிறேனே.

நான் மாமன் ஒருவரோடு கப்பல் ஏறிப் பினாங்கு வந்து, இந்த ஏலக் கடையில் சேர்ந்த புதிதில், கரை தட்டி உடைந்த ஒரு கப்பலை ஏலம் போட்டார்கள். துரை அட்டைக்கு வாசகம் சொன்னார், முதல் சொல்லே டெரலிக்ட். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். உடையவன் கைவிட்டுப் போனது என்றார். பேனாவை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். எங்கள் கரையில் எது ஆள் வந்து சேர்ந்ததற்கு அடையாளமோ, அதைப் பார்த்து ஆள் இல்லை என்று ஒருவன் சொல்லிவிட்டான். அந்தச் சொல்லை அதற்குப் பிறகு எத்தனையோ அட்டைகளில் எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் குமட்டுகிறது.

6

மழை இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்து வெறித்தது. காலையில் நான் கடைக்குப் போனபோது பின்முற்றத்தில் வெயில் பளிச்சென்று அடித்தது. கட்டுமரம் இல்லை. அதற்குப் பதிலாகத் தனித்தனி மரங்கள் முற்றம் பூராவும் கிடந்தன. கயிறு அழகாகச் சுருட்டி மூலையில் வைக்கப்பட்டிருந்தது. என் அட்டை கிளிக்கூண்டின் மேல் கிடந்தது. அண்ணன் ஒரு பழைய கத்தியால் வார்னிஷைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்த மரத்தைப் பார்க்க ஒரு ரப்பர் தோட்டத்துத் துரை வருவதாக இருந்தது.

"அண்ணாத்தே! இன்னா வேல செஞ்சே?"

"இன்னா செஞ்சேன்? அவுத்தேன். ஓட்டினவன்தான் அவுக்கணும், தெரியும், அவன் இங்க எங்க வரப் போறான்? மழைல ஊறிப்போய் கீது. நடு எடுக்குல கறையான் பூந்துகினு கீது, வந்து பாரு. கண்ண மூடிகினு குந்தச் சொல்றியா?"

"இது விக்கிற சாமான், அண்ணாத்தே."

"விக்கட்டும். வாங்கறவன் நாளிக்கிக் கடலுக்குப் போவணும்ல? இப்டியே தள்ளினான்னா பாதில முங்கிப்பூடும்."

"கடலுக்கு எங்க போறான்? செவுத்துல மாட்டுவான்."

அண்ணன் சுரண்டுவதை நிறுத்தினார். நான் விளையாடுகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார்.

"செவுத்துலயா? ஆளு திரும்பாத மரத்தையா வூட்டுக்குள்ள மாட்டுவான்? பொண்டாட்டி புள்ள இல்லியா அவனுக்கு?"

எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. பயம் மட்டும் மிச்சம் இருந்தது. "சாயங்காலத்துக்குள்ள கட்டிடு, அண்ணாத்தே. முன்ன இருந்த மாதிரியே கட்டிடு. வேல பூடும்" என்றேன். "காயட்டும். நாளிக்கி வெள்ளாப்புல கட்றேன்" என்றார். ஈர மரத்தைக் கட்ட அவருக்குக் கை வரவில்லை. கிடந்து அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை.

7

கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி ஆயிற்று அன்று மத்தியானம். தோட்டத் துரை ஒரு நாள் முன்னாடியே வந்துவிட்டார். இரண்டு பேரும் பின்முற்றத்துக்கு வந்து நின்றார்கள். எங்கள் துரையின் கழுத்து வான்கோழிக் கழுத்து மாதிரி சிவந்தது. யார் உடைத்தது என்று கத்தினார். உடைக்கவில்லை, அவிழ்த்திருக்கிறது, இதோ கட்டிவிடலாம் என்று நான் கையைப் பிசைந்தேன். அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தேன்.

அண்ணன் கயிற்றை எடுத்தார். மரங்களை உருட்டிச் சேர்த்து, முழங்காலால் அழுத்தி, கயிற்றை வாயில் கடித்து இழுத்துக் கட்டினார். துரையின் சுருட்டு முடிவதற்குள் கட்டுமரம் பழையபடி நின்றது. எங்கள் துரை முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. பாருங்கள், அசல் சுதேசியே கட்டியிருக்கிறான் என்று தோட்டத் துரையிடம் பெருமை பேசினார்.

தோட்டத் துரை கிட்டே வந்து முடிச்சைத் தடவிப் பார்த்தார். கையை முகர்ந்தும் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"இது சாதாரணத் தோணியாகிவிட்டதே. எனக்குப் பழையதுதான் வேண்டும்."

"மரம் அதேதான், துரையவர்களே" என்றேன் நான்.

"மரம் அதேதான். ஆனால் இப்போது இது இந்த ஆளுடையது மாதிரி இருக்கிறது." தொப்பியைப் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

தூ! கட்டினவன் செத்து மண்ணாகிப் போயிருந்தால் அது ஹாலில் மாட்டுகிற வஸ்து. அதே மரத்தை உயிருள்ள ஒருவன் கட்டினால் குப்பை. இத்தனை வருஷம் எத்தனை அட்டை எழுதியிருக்கிறேன், இந்தச் சூட்சுமம் எனக்கு அன்றுதான் முழுசாக விளங்கியது. அவர்களுக்குப் பழசு மேல் ஆசை கிடையாது. ஆள் இல்லாமல் போனதன் மேல்தான் ஆசை.

எங்கள் துரை அண்ணனை அந்த இடத்திலேயே நீக்கினார். குடியேற்ற அலுவலகத்துக்குத் தகவல் எழுதச் சொல்லி என்னிடமே வாசகம் சொன்னார். எக்ஸ் வாட்ச்மேன். ஒரே மாதத்தில் என் அண்ணனுக்கு இரண்டு எக்ஸ். பொழுது போவதற்குள் இந்தக் குப்பையை முற்றத்திலிருந்து அப்புறப்படுத்து, இல்லாவிட்டால் விறகுக்குப் பிளந்துவிடுவேன் என்று மரத்தைக் காட்டினார். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். நரகத்துக்கே எடுத்துப் போ என்றார்.

அன்றுதான் என் மனைவி பாயசம் வைத்திருந்தாள்.

8

கை வண்டி ஒன்று பிடித்து, அண்ணனும் நானும் மரங்களை ஜெலுத்தோங் பக்கத்துக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அங்கே இருக்கிற மலாய்க்கார மீனவர்கள் மரத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆனால் இறக்குவதற்குக் கை கொடுத்தார்கள். மறுநாள் அண்ணன் கடலுக்குப் போனார். நான் கடைக்குப் போய் ஒரு செத்த நீதிபதியின் நாற்காலிகளுக்கு அட்டை எழுதினேன். சாயங்காலம் வீட்டு வாசலில் மீன் வாசனை அடித்த பிறகுதான் செருப்பைக் கழற்றினேன்.

மீன்பிடி லைசென்ஸுக்கு மனுப் போட்டிருக்கிறோம். மூக்குக் கண்ணாடி போட்ட அதே குமாஸ்தாதான். தொழில் என்ற இடத்தில் ஃபிஷர்மேன் என்று என் கையாலேயே எழுதினேன், முன்னால் எதையும் ஒட்டவில்லை. அவர் ஒரு முறை என்னைப் பார்த்தார். தோணி உண்டா என்று மட்டும் கேட்டார். உண்டு என்றேன். அதிகாரி வந்து பார்ப்பார், அதுவரையில் இருக்கலாம் என்றார். மரம் கரையில் இருந்தால் லைசென்ஸ் கிடைக்கும். மரம் போய்விட்டால் கப்பல்தான், கரிக்கூடைதான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் கடலிலிருந்து வந்து மரத்தை அவிழ்த்து மணலில் போட்டிருந்தார். பார்வதி சோறு கொண்டுவந்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டேதான் வந்தாள், ஆனால் வந்தாள். அண்ணன் கொஞ்சம் தள்ளி ஒரு புன்னை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் மரத்தின் மேல் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கரையோரமாக ஒரு ஓவர்சியர் வந்தார், தொப்பி போட்ட இளைஞன். பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு பியூன். கரையில் கிடக்கிற குப்பைகளைக் கணக்கெடுக்கிறார்களாம். ஓவர்சியர் என்னைத் தாண்டிப் போனவர் நின்றார். பூட்ஸ் காலால் ஓரத்து மரத்தைத் தட்டினார்.

"டெரலிக்ட்?" என்று கேட்டார்.

நான் எழுந்தேன். என் கண் முன்னால் எச்சில் கையோடு நைனா ஓடினார். இத்தனை வருஷம் இந்த இங்கிலீஷில் குப்பை கொட்டியிருக்கிறேன், அத்தனை சொல்லும் வாய் வரைக்கும் வந்தது. அவனுடைய தொப்பிக்கு, அவனுடைய பூட்ஸுக்கு, அவனுடைய ராஜ்யத்துக்கு எது எது பொருந்தும் என்று எனக்குத் தெரியும். பியூன் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு காத்திருந்தான். நான் வேறு ஒரு சொல்லைச் சொன்னேன்.

"நோ. ட்ரையிங்."

"யாருடையது?"

"என் அண்ணனுடையது. அதோ, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்."

ஓவர்சியர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சோற்றுக் கையை நெற்றிக்கு மேல் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். ஓவர்சியர் காலை எடுத்துக்கொண்டார். பியூன் பென்சிலைக் காதில் செருகினான். இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

"இன்னாடா கேட்டான்?" என்று அண்ணன் அங்கிருந்தே கத்தினார்.

"கேப்பாரத்துக் கெடக்குதான்னு கேட்டான்."

"நீ இன்னா சொன்னே?"

"காயுதுன்னு சொன்னேன்."

அண்ணன் கையை மணலில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். குனிந்து ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் காஞ்சிடிச்சி. வா, அந்தத் தலையப் புடி, திருப்பிப் போடலாம்."